கட்டணத்துக்கு உண்டு, காலத்துக்கு இல்லை

"இந்தப் பயிற்சிக்குப் பிறகு உங்கள் வாசிப்பில் என்ன மாறும்?" என்பது, இசைக்கலைஞர்களின் தொழில் மேம்பாட்டுக்கான அரசு நிதியுதவித் தேர்வில் நாங்கள் எல்லோரிடமும் கேட்கும் கேள்வி. அந்த வயலின் கலைஞரிடமும் கேட்டேன். "போக முடிந்தால் அல்லவா, ஐயா, மாறுவதைப் பற்றிப் பேசலாம்" என்றார். குரலில் கேலி இல்லை. பயிற்சி வாரங்களில் கைவிட வேண்டிய கச்சேரிகளையும் நிறுத்திவைக்க வேண்டிய வகுப்புகளையும் அவர் செலவுக் கணக்கில் சேர்த்திருந்தார். வருமான இழப்பை விதி செலவாக ஏற்பதில்லை என்பதால், அந்த வரியை நீக்கிவிட்டு, ஆசிரியர் கட்டணத்தை மட்டும் பரிந்துரைத்தேன். அவர் அந்தத் தொகையைப் பெற வரவேயில்லை.

விதியில் நியாயம் இல்லாமல் இல்லை. கட்டணத்துக்கு ரசீது உண்டு; நடக்காத கச்சேரிக்கு ரசீது ஏது? மேலும், இழப்பை ஈடுசெய்யத் தொடங்கினால், அதிகம் சம்பாதிப்பவருக்கே அதிகம் போய்ச் சேரும். ஆனால் கட்டணம் மட்டும் தரும்போது, சம்பளத்துடன் விடுப்பு கிடைக்கும் வேலையில் இருப்பவர்தான் தயக்கமின்றிப் பயிற்சிக்குப் போகிறார் என்பதையும் நான் பார்த்திருக்கிறேன். நாள்தோறும் வாசித்துப் பிழைப்பவரை மனத்தில் வைத்து எழுதப்பட்ட திட்டம் அவரைத் தவிர மற்றவர்களுக்கு நன்றாகப் பயன்படுகிறது.

ரசீது பற்றிய என் வாதமும் அவ்வளவு உறுதியானதல்ல. பிரான்சில், 12 மாதங்களில் 507 மணி நேரம் பணியாற்றியதைக் காட்டும் நிகழ்த்துகலைஞருக்கு வேலையற்ற நாள்களுக்கான உதவித்தொகை கிடைக்கிறது. நடந்த வேலையே அங்கு ஆதாரம். அயர்லாந்து 2022இல் தொடங்கிய சோதனைத் திட்டத்தில், கலைத்துறையினர் 2,000 பேருக்கு வாரம் 325 யூரோ, எல்லோருக்கும் ஒரே அளவாக வழங்கப்பட்டது. தகுதி பெற்றவர்களிலிருந்து குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தார்கள். என்ன மாறும் என்று யாரையும் எதிரில் உட்காரவைத்துக் கேட்கவில்லை. அது எனக்கு உறுத்துகிறது. குலுக்கல் பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாகத் தோன்றும்; மறுகணமே, நான் கேட்ட கேள்வி மட்டும் என்ன தேர்ந்தெடுத்தது, அழகாகப் பதில் சொல்லத் தெரிந்தவர்களைத்தானே, என்றும் தோன்றும்.

விதித் திருத்தக் கூட்டத்தில், பயிற்சி நாளுக்கு எல்லோருக்கும் ஒரே படித்தொகை தரலாம் என்று முன்மொழிந்தேன். நிதிப் பொறுப்பாளர், "மொத்த ஒதுக்கீட்டைக் கூட்ட முடியாது, எத்தனை பேரைக் குறைக்கலாம், சொல்லுங்கள்" என்றார். பாதிப் பேரைக் குறைக்கலாம் என்றேன். அதையே இன்றும் சொல்வேனா என்பது, எவருடைய விண்ணப்பம் என் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.