சாரல் மாதத்துக்கு ஒரு காற்றாடி

மொட்டை மாடியில் 335 வாட் பேனல் இரண்டு, பேனலிலிருந்து முடிந்த அளவு மின்சாரத்தை எடுத்துப் பேட்டரிக்கு ஏற்றும் ஒரு எம்பிபிடி கண்ட்ரோலர், 150 ஏஎச் டியூபுலர் பேட்டரி இரண்டைத் தொடரில் கட்டிய 24 வோல்ட் பேங்க். பாவூர்சத்திரத்துக்கு வெளியே வயலை ஒட்டிய எங்கள் வீட்டில் லைட், ஃபேன், டிவி, வைஃபை எல்லாம் இதில்தான் ஓடுகின்றன. பங்குனி, சித்திரையில் நாளைக்கு 3 யூனிட்டை ஒட்டி வரும். ஆனி பிறந்து சாரல் விழுந்தால் ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் நடுவில் இழுத்துக்கொண்டு கிடக்கும். குற்றாலத்தில் தண்ணி விழுகிறது என்று ஊரே கிளம்பிப் போகிற நாட்களில் நான் "டிவியை அணைங்க" என்று சொல்லிக்கொண்டிருப்பேன்.

காற்றும் அதே நாட்களில்தான். தென்மேற்குப் பருவக்காற்று மலையில் முட்டி, செங்கோட்டைக் கணவாயில் வழி கிடைத்ததும் நெருக்கியடித்துக்கொண்டு இந்தப் பக்கம் வருகிறது. சுரண்டை, ஊத்துமலைப் பக்கம் மாசியில் சும்மா நிற்கிற பெரிய காற்றாலைகள் வைகாசிக் கடைசியிலிருந்து ஓயாமல் சுற்றுவது அதனால்தான். ஆரல்வாய்மொழியிலும் பாலக்காட்டுக் கணவாய்க்கு எதிரே இருக்கும் உடுமலையிலும் இதே கதை. வெயில் குறையும் மாதத்தில் காற்று கூடுகிற ஊரில் இருந்துகொண்டு பேனலை மட்டும் நம்புவானேன்? அதனால்தான் மின்சாரம் எடுக்கச் சின்னக் காற்றாடி ஒன்றை நானே செய்து நிறுத்தினேன்.

கணக்கு

காற்றின் வேகம் இரட்டித்தால் அதிலுள்ள சக்தி எட்டு மடங்காகும். இந்த ஒரு வரிதான் மொத்த விஷயமும். நான் திட்டமிட்டது 1.8 மீட்டர் விட்டமுள்ள காற்றாடி. அது சுற்றும் வட்டம் ஏறத்தாழ 2.5 சதுர மீட்டர். விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வீசும் காற்று அந்த வட்டத்துக்குள் கொண்டுவருவது சுமார் 190 வாட். அதில் 59.3 சதவீதத்துக்கு மேல் எந்தக் காற்றாடியாலும் எடுக்க முடியாது என்று ஜெர்மனியின் ஆல்பர்ட் பெட்ஸ் நூறு வருஷத்துக்கு முன்பே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். கையால் செதுக்கிய இறக்கை, பட்டறையில் சுற்றிய காயில், கேபிள் என்று எல்லாக் கழிவும் போக 25 சதவீதம் பேட்டரிக்கு வந்து சேர்ந்தாலே நல்ல வேலை. ஆக, கையில் கிடைப்பது 48 வாட். 3 மீட்டர் காற்றில் 10 வாட், ஒரு எல்இடி பல்புக்குக் காணும். 10 மீட்டர் காற்றில் 380 வாட்.

கடையில் 1000 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டிய ஒன்றரை மீட்டர் காற்றாடியை யாராவது காட்டினால், எந்த வேகத்தில் அந்த 1000 என்று கேளுங்கள். மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் அடித்தால்தான் வரும். அப்படி வருஷத்தில் எத்தனை மணி நேரம் அடிக்கப்போகிறது?

எட்டு மடங்குக் கணக்கு தெரிந்துவிட்டால் எங்கே நிறுத்துவது என்ற கேள்வியும் பாதி தீர்ந்துவிடும். மாடியிலேயே வைத்துவிடலாம் என்றுதான் வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். காற்றின் வேகத்தை அளக்கும் கையடக்க அனிமோமீட்டரை மாடிக் கைப்பிடிச் சுவர் மேல் பிடித்துப் பார்த்தால், எண் ஒரு நிலையில் நிற்காமல் குதித்தது. சுவரில் மோதிய காற்று சுழன்று சுழன்று வருகிறது. அதில் காற்றாடி திசை தேடித் திரும்பிக்கொண்டே இருக்கும், அதிர்வும் தளத்துக்கு இறங்கும். வீட்டுக்குக் கிழக்கே தென்னந்தோப்பு, மேற்கே வயல்வெளி. காற்று மேற்கிலிருந்துதான் வருகிறது என்பதால் வீட்டிலிருந்து 30 மீட்டர் தள்ளி வயல் ஓரத்தில் 12 மீட்டர் கம்பம் என்று முடிவானது.

காந்தமும் காயிலும்

ஸ்காட்லாந்தின் ஸ்கோரெய்கில் இருக்கும் ஹியூ பிகாட், மின்கம்பி போகாத இடத்தில் பல வருஷமாகக் காற்றாடி செய்து, அதையே உலகத்துக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவர். வீட்டில் காற்றாடி செய்கிறவர்களில் பெரும்பாலானவர்கள் அவர் வழியில்தான் போகிறார்கள், நானும் அப்படியே. இரண்டு இரும்புத் தட்டு, ஒவ்வொன்றிலும் வடக்கும் தெற்குமாக மாற்றி மாற்றி 12 நியோடிமியம் காந்தம். நடுவில் ரெசினில் வார்த்த 9 காயில். கியர் கிடையாது, பெல்ட் கிடையாது. பேரிங்குக்குப் பழைய இரும்புக்கடையில் கிடைத்த ஒரு கார் ஹப்.

காந்தத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இரண்டு தட்டையும் கையால் பிடித்துச் சேர்க்க நினைக்காதீர்கள், விரல் மிஞ்சாது. மூன்று நீள போல்ட்டைத் தட்டில் முடுக்கி, அதை மெதுவாகத் திருகித்தான் மேல் தட்டை இறக்கினோம். லேத் பட்டறையில் தரையில் கிடக்கும் இரும்புத்தூள் அத்தனையும் காந்தத்தில் ஒட்டும் என்பதால் அங்கே கொண்டுபோவதற்கு முன் தெர்மாகோல் பெட்டிக்குள் மூடிவைக்க வேண்டியிருந்தது.

காயிலை மோட்டார் காயில் கட்டும் அண்ணாச்சிதான் சுற்றித் தந்தார். போர் மோட்டாரும் கிரைண்டரும் கட்டிப் பழகிய கை; இரும்புப் பட்டையே இல்லாத காயிலைப் பார்த்ததும், "கோர் எங்க வே?" என்றார். இரும்பில்லாததால் காற்றாடி மெல்லிய காற்றிலேயே தடையில்லாமல் நகர ஆரம்பிக்கும் என்று சொன்னபோது தலையாட்டினார், நம்பினாரா தெரியாது. லேத்தில் மாட்டி 220 ஆர்பிஎம்மில் சுற்றியபோது ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையருக்குப் பின்னால் மல்டிமீட்டர் 25 வோல்ட் காட்டியது. அப்புறம் கோரைப் பற்றி அவர் கேட்கவில்லை.

இறக்கை

இந்த வேலை முழுவதிலும் எனக்குப் பிடித்தது இதுதான். செங்கோட்டை மரக்கடையில் கணுவில்லாத பைன் பலகை. ஒவ்வொரு இறக்கையும் 90 சென்டிமீட்டர். நுனி ஓடும் வேகம் காற்றைப் போல ஆறேழு மடங்கு. அடிப்பகுதி மெதுவாகத்தான் நகரும். அதனால் இரண்டுக்கும் ஒரே சாய்மானம் ஆகாது. அடியில் அகலமாக, நன்றாகச் சாய்ந்து ஆரம்பித்து, நுனிக்குப் போகப் போக ஒடுங்கி, கிட்டத்தட்ட படுத்துவிட வேண்டும். காற்றைப் பார்க்கும் முகம் தட்டை, பின்பக்கம் வளைவு.

ஆசாரி வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தேங்காப் பத்தை மாரில்லா இருக்கு" என்றவர் பென்சிலால் பலகையின் இரண்டு ஓரத்திலும் கோடு போட்டார். ஒரு கோட்டிலிருந்து மறு கோட்டுக்கு இழைப்புளி போய் வரப் போய் வர முறுக்கு தானாக எழுந்து வந்தது. அளவுகோலே தேவைப்படவில்லை, கண்ணை ஒட்டி வைத்து நீளவாக்கில் பார்ப்பார், ஒரு இழைப்பு, மறுபடி பார்ப்பார். மூன்றையும் ஹப்பில் முடுக்கி நடுவில் ஒரு முனையில் நிறுத்தினோம். சாய்ந்த பக்கத்துக்கு எதிரே ஈயத்துண்டை நகர்த்தி நகர்த்திச் சமன் கண்டோம். மேலே பியு (பாலியூரித்தேன்) பெயின்ட். மழைத்துளி அறைகிற முன்விளிம்பில் கூடுதலாக ஒரு டேப்.

கம்பமும் வயரிங்கும்

6 மீட்டர் ஜிஐ பைப் இரண்டு, நான்கு பக்கமும் ஸ்டே கம்பி, அடியில் கீல். சங்கிலிக் கப்பி இருந்தால் இரண்டு பேர் ஏற்றி இறக்கலாம். மேலே ஏறி வேலை பார்க்கிற யோசனையையே விட்டுவிடுங்கள்.

24 வோல்ட்டில் 16 ஆம்பியர் என்றால் கேபிள் முக்கியம். 6 ஸ்கொயர் எம்எம் காப்பரில் போய் வர 60 மீட்டருக்குக் கிட்டத்தட்ட 3 வோல்ட் கேபிளிலேயே கரைந்துவிடும். 10 ஸ்கொயர் போட்டேன்; விலை வலித்தது.

பேனலுக்குப் பழகியவர்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. பேட்டரி நிறைந்தால் பேனலைக் கழற்றிவிடலாம், அது பாட்டுக்கு வெயிலில் கிடக்கும். காற்றாடியைக் கழற்றிவிட்டால் சுமையில்லாமல் வெறிபிடித்துச் சுற்றி இறக்கையே பிய்ந்துவிடும். எந்த நேரமும் அதற்கு ஒரு சுமை வேண்டும். அதனால் பேட்டரி நிறைந்ததும் கண்ட்ரோலர் மின்சாரத்தை ஒரு ஹீட்டர் காயிலுக்குத் திருப்புகிறது. அந்தக் காயிலை நான் குளியலறைத் தொட்டியில் இறக்கிவிட்டேன். சாரலில் வெந்நீர்! வீட்டில் இந்தக் காற்றாடிக்கு ஆதரவு கிடைத்தது அன்றைக்குத்தான். இப்போது அம்மா காலையில் எழுந்ததும் ஜன்னலைத் திறந்து மரம் ஆடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் குளிக்கப் போகிறாள்.

புயல்காற்றுக்கு வால்தான் பாதுகாப்பு. சாய்ந்த கீலில் தொங்கும் வால் தன் கனத்தால் காற்றாடியை நேராக வைத்திருக்கும். காற்று மிஞ்சினால் மடங்கி, முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிவிடும். நிறுத்த வேண்டுமென்றால் காயில்களிலிருந்து வரும் மூன்று ஃபேஸ் கம்பிகளையும் ஒன்றாக இணைத்து, அதையே பிரேக்காக்கும் சுவிட்ச் இருக்கிறது. வீச்சு கொஞ்சம் தணிந்த நேரம் பார்த்துப் போட வேண்டும். கம்பத்துக்கும் ஸ்டேக்கும் எர்த் தனியாக அடித்திருக்கிறேன். ஐப்பசி இடியை நினைத்து.

ஆனி, ஆடி

நல்ல காற்று நாளில் காற்றாடி ஒன்றரை யூனிட், சில நாள் 2 யூனிட் தருகிறது. பேனல் விட்ட இடத்தைக் கிட்டத்தட்ட அப்படியே நிரப்புகிறது. இரவிலும் சுற்றுவதுதான் பெரிய லாபம். காலையில் பேட்டரி 24.2 வோல்ட்டுக்குக் கீழே இறங்குவதில்லை. சத்தம் வயலில் நின்றால் கேட்கும், வீட்டுக்குள் கேட்காது. ஆவணிக் கடைசியில் துவண்டது. மாசியில் மயில் உட்காரத்தான் லாயக்கு. அவை பேனலிலும் உட்கார்ந்து எச்சமிடுகின்றன என்பதால் துடைக்கிற வேலை தனி.

செலவு ஐம்பதாயிரத்தைத் தாண்டிவிட்டது. அந்தக் காசுக்கு இன்னும் ஐந்து பேனல் வாங்கியிருக்கலாம், சாரலிலும் அவை ஏதோ கொடுத்திருக்கும். எதிர்வீட்டு மாமா, வீட்டு மாடி சோலாருக்கு மத்திய அரசு 2024-இல் கொண்டுவந்த சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட் போட்டு 78,000 ரூபாய் மானியமும் வாங்கிவிட்டார். "நீ என்னல இன்னும் கம்பியக் கட்டிக்கிட்டு அலையுத?" என்கிறார். கரண்ட் பில்லைக் குறைப்பது மட்டும்தான் நோக்கம் என்றால் மாமா பக்கம்தான் நியாயம். கணவாய்க்கு நேரே, மேற்கே தடையில்லாத இடம், இரும்பு வேலையில் கை அரிப்பு, இந்த மூன்றும் உள்ளவர்களுக்கு மட்டும் காற்றாடியைச் சொல்வேன். சென்னை அபார்ட்மெண்ட் மாடிக்கு வேண்டவே வேண்டாம்.

அடுத்து 48 வோல்ட்டுக்கு மாற வேண்டும். ஆம்பியர் பாதியானால் கேபிள் இழப்பு கால்வாசிதான். காயில் அண்ணாச்சியிடம் சொல்லியாகிவிட்டது: சுற்று இரட்டை, கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பு பாதி. பேட்டரி இன்னும் இரண்டு வாங்கும் பேச்சை மட்டும் வீட்டில் எடுக்கவில்லை.