ஏற்றத்தில் மட்டும் சீறிய கார்: டர்போவை மாற்றச் சொன்னார்கள், கிழிந்திருந்தது ஹோஸ்

டீசல் கார் வைத்திருப்பவர்கள், அதுவும் லட்சம் கிலோமீட்டர் தாண்டியவர்கள், இதைக் கொஞ்சம் கவனியுங்கள். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும் ‘ஸ்ஸ்ஸ்’ என்று காற்று சீறுகிறது, பிக்கப்பும் விழுந்துவிட்டது என்றால், டர்போ (என்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் பாகம்) போச்சு என்று யார் சொன்னாலும், முதலில் அந்தக் காற்று போகும் ரப்பர் ஹோஸ்களைப் பார்க்கச் சொல்லுங்கள்.

என்னுடையது 1.3 லிட்டர் டீசல் ஹேட்ச்பேக். சேலம் ஊருக்குள் மெதுவாக ஓட்டும்போது எதுவும் தெரியாது. ஏற்காடு போகும்போதுதான், அந்த 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஒவ்வொன்றாகத் திரும்பி முடித்து இரண்டாம் கியரில் மிதிக்கையில், என்ஜின் சுற்று 1,800, 2,000 ஆர்பிஎம் வாக்கில் வரும்போது சீறல் ஆரம்பிக்கும், காலை எடுத்ததும் நின்றுவிடும். பின்னால் கறுப்புப் புகை வேறு. மைலேஜும் குறைந்துகொண்டே வந்தது.

சர்வீஸ் சென்டர் ஒன்றில் விட்டேன். நிறுத்திய இடத்திலேயே நியூட்ரலில் ரேஸ் பண்ணிப் பார்த்துவிட்டு, சத்தமே இல்லை சார் என்றார்கள். மறுபடி வற்புறுத்தியதும் டர்போ அசெம்பிளி மாற்றணும் என்று அரை லட்சத்துக்கு மேல் எஸ்டிமேட். ஒரு ஹோஸைக்கூடத் தொட்டுப் பார்க்காமல் இவ்வளவு பெரிய தொகையைச் சொல்வது எனக்குக் கொஞ்சமும் சரியாகப் படவில்லை, வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

உண்மையில் நியூட்ரலில் சத்தம் வராததே பெரிய துப்பு. லோடு இல்லாதபோது எவ்வளவு ரேஸ் பண்ணினாலும் டர்போவில் அழுத்தம் பெரிதாக ஏறாது. அழுத்தம் ஏறும்போது மட்டும் சத்தம் வருகிறது என்றால் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடுகிறது. சத்தம் வண்டி வேகத்தோடு போகிறதா, ஆர்பிஎம்மோடு போகிறதா என்பதையும் பார்த்தேன். ஒரே வேகத்தில் கியரை மாற்றிப் பார்த்தாலே தெரிந்துவிடும். காலை எடுத்த பிறகும் வண்டி உருளும் வரை ‘ஊம்’ என்று கேட்டால் வீல் பேரிங். திரும்பும்போது ‘டக் டக்’ என்றால் ஆக்ஸில் ஜாயின்ட். மிதித்து விடும்போது ‘தட்’ என்று ஒரு இடி விழுந்தால் என்ஜின் மவுன்ட். என் வண்டியில் இது எதுவும் இல்லை.

அப்புறம் தெரிந்த மெக்கானிக் அண்ணனிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வியே, “எந்த கியர்ல, எத்தனை ஆர்பிஎம்ல வருது, ஏசி ஆஃப் பண்ணாலும் வருதா?” என்பதுதான். வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்து வைத்திருக்கும் பிழைகளைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரை ஸ்டீயரிங்குக்குக் கீழே மாட்டினார். பி0299 என்ற பிழைக் குறியீடு இருந்தது. டர்போ அழுத்தம் வேண்டிய அளவுக்கு ஏறவில்லை என்று அர்த்தம். டர்போ கெட்டாலும் இதே குறியீடுதான் வரும், காற்று கசிந்தாலும் இதேதான், அதனால் குறியீட்டை மட்டும் பார்த்து ஸ்பேர் வாங்கக் கூடாது என்றார். அண்ணன் பக்கத்தில் உட்கார, ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்தோம், என்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தம் (மேனிஃபோல்டு அழுத்தம்) 150 கிலோபாஸ்கலைத் தாண்டவே இல்லை.

என்ஜின் நன்றாக ஆறிய பிறகு டர்போவுக்குக் காற்று போகும் குழாயைக் கழற்றி, உள்ளே இருக்கும் சக்கரத்தை விரலால் ஆட்டிப் பார்க்கச் சொன்னார். பக்கவாட்டில் லேசான ஆட்டம் இருந்தது. அது இருக்கத்தான் செய்யும், ஆயில் படலத்தில் சுற்றுகிற தண்டு அது. முன்னும் பின்னும் ஆட்டம் இல்லை, பிளேடு எங்கும் உரசிய தடமும் இல்லை. ஆயில் குறையவில்லை, நீலப் புகையும் இல்லை. டர்போ நன்றாகவே இருந்தது.

குழாயைக் கழற்றிய அந்த வாயை அடைத்து, ஏர் கம்பிரஸரிலிருந்து குறைந்த அழுத்தத்தில் காற்றை விட்டு, ஹோஸ்கள் மேல் சோப்புத் தண்ணீர் அடித்தார். டர்போவிலிருந்து, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸின் அடிப்பக்கம், மேலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாத இடம், அங்கே நுரை பொங்கியது. பக்கத்தில் ஒரு பிராக்கெட்டில் உரசி உரசி ரப்பர் வெடித்திருக்கிறது. அதைச் சுற்றி ஆயில் பிசுக்கு, அதில் ஒட்டிய தூசி. அதிரவே அதிராத பிராக்கெட்டாக இருந்தால் இப்படி நடந்திருக்காது, அதன் போல்ட்டும் தளர்ந்திருந்தது.

கறுப்புப் புகைக்கும் காரணம் அங்கேதான். காற்றை அளக்கும் சென்சார் டர்போவுக்கு முன்னால் இருக்கிறது. அளந்த காற்றில் ஒரு பகுதி வழியில் வெளியே போய்விட, அளவுக்கேற்ற டீசல் மட்டும் முழுசாக உள்ளே போகிறது. எரிக்கக் காற்று போதாமல் புகையாகிறது.

டேப் சுற்றி ஓட்டலாமா என்று கேட்டேன். லோடில் அந்தக் காற்று 100 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடாகும், டேப் நிற்காது என்று கறாராகச் சொல்லிவிட்டார். கம்பெனி ஹோஸும் புது கிளாம்ப்களும் வாங்கிப் போட்டோம், கூலியோடு சில ஆயிரங்களில் வேலை முடிந்தது. இன்டர்கூலரில் தேங்கியிருந்த ஆயிலையும் வடித்தார்.

பிழைக் குறியீட்டை அழித்துவிட்டு மறுபடி அதே ஏற்றத்தில் ஓட்டினோம். அழுத்தம் 200-ஐத் தாண்டியது, மூன்றாம் கியரிலேயே ஏறியது, கண்ணாடியில் புகை இல்லை. மெல்லிய விசில் ஒன்று இன்னும் கேட்கிறது, அது டர்போவின் இயல்பான சத்தம். பிராக்கெட் போல்ட்டை முறுக்கி, ஹோஸ் உரசும் இடத்தில் ரப்பர் உறை போட்டிருக்கிறோம். ஆயில் மாற்றும்போதெல்லாம் அந்த அடிப்பக்கத்தை டார்ச் அடித்துப் பார்த்துவிடுகிறேன்.