கஜாவுக்குப் பிறகு: மின்சாரம் போனால் தண்ணீரும் போகும்

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயல், டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. பேராவூரணிப் பக்கத்தில் தென்னந்தோப்புகளுக்கு நடுவே இருக்கும் எங்கள் ஊரில், காற்று தள்ளிய கம்பங்களைவிட, கம்பிகளின் மேல் விழுந்த தென்னைகள் இழுத்துச் சாய்த்த கம்பங்களே அதிகம். துணை மின் நிலையம், உயரழுத்தப் பாதை, மின்மாற்றி, பிறகு தெரு என்ற வரிசையில்தான் மின்சாரம் திரும்ப முடியும் என்பதால், தோப்புக்குள் தனித்தனியாக இருந்த வீடுகளுக்கு அது வந்துசேர வாரக்கணக்கில் ஆயிற்று.

வெளியூர் உறவினர்கள் அன்போடு மெழுகுவத்திகளை அனுப்பினார்கள். எங்களுக்கு அவசரமாக வேண்டியிருந்தது தண்ணீர். வீட்டுக்கு வீடு ஆழ்துளைக் கிணறும் நீர்மூழ்கி மோட்டாரும் வந்துவிட்ட பிறகு திறந்த கிணறுகள் தூர்ந்துபோயின. தெருவிலிருந்த அடிபம்புகளைக் கழற்றிவிட்டு அதே குழாயில் மோட்டாரை இறக்கி, மினி பவர் பம்பு என்று சிறு தொட்டி கட்டிவிட்டார்கள். நிலத்தடியில் நீர் நிறைந்திருந்தும் ஒரு குடம் எடுக்க வழியில்லாமல், மிச்சமிருந்த ஒரே அடிபம்பின் முன் ஊரே வரிசையில் நின்றது.

பிறகு வாடகைக்கு வந்த ஜெனரேட்டரை ஒரு சிறிய வண்டியில் ஏற்றித் தெருத்தெருவாகக் கொண்டுபோய், டீசல் செலவைப் பங்கிட்டுக்கொண்டு, ஒவ்வொரு வீட்டு மேல்நிலைத் தொட்டியையும் நிரப்பினோம். தொட்டி நீரைக் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் வைத்துக்கொண்டு, துவைக்கவும் கழிப்பறைக்கும் குளத்து நீரைச் சுமந்தோம். மோட்டார் ஓடும் அந்தச் சிறிது நேரத்திலேயே கைபேசிகளுக்கும் மின்னேற்றிக்கொள்வோம்.

ஜெனரேட்டரைப் பற்றி இரண்டு செய்திகளை அழுத்திச் சொல்ல வேண்டும். அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு மணமே கிடையாது. ஆகவே அதை வீட்டுக்குள்ளோ மூடிய திண்ணையிலோ ஓட்டக் கூடாது. அடுத்து, மெயின் சுவிட்சை அணைக்காமல் ஜெனரேட்டரை வீட்டு மின்சுற்றில் இணைத்தால், மின்சாரம் தெருக்கம்பிக்கு ஏறி, மின்மாற்றியில் தலைகீழாகப் பெருகி, 11,000 வோல்ட் பாதையில் வேலை செய்யும் லைன்மேனைக் கொன்றுவிடும். பிற மாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்து, சேறான வயல்களில் சிமென்ட் கம்பங்களைத் தோளில் சுமந்தவர்களின் உயிர் நம் வீட்டு சுவிட்சில் இருக்கிறது. தெருக்கம்பி, ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டுமே வீட்டோடு இணைக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் பொருத்துவது பெரிய செலவல்ல.

குளிர்பதனப் பெட்டி, திறக்காமல் இருந்தாலும் ஏறத்தாழ நான்கு மணி நேரம்தான் குளிரைத் தாங்கும். அம்மாவின் இன்சுலினை ஈரமணல் நிரப்பிய மண்பானைக்குள் ஒரு சிறு பானையை வைத்து, நீர் புகாத டப்பாவில் போட்டுப் பாதுகாத்தோம். பயன்பாட்டில் உள்ள இன்சுலின் பெரும்பாலும் 30 டிகிரிக்கு மேற்படாத வெப்பத்தில் சுமார் நான்கு வாரம் கெடாது என்பதை மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது மனத்துக்குப் பெரிய தெம்பாக இருந்தது. அவரவர் மருந்துக்கு உரிய கால அளவை மழைக்காலத்துக்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தியா மார்க் 2 அடிபம்பு சுமார் 45 மீட்டர் ஆழத்திலிருந்துகூட நீரை ஏற்றவல்லது. எங்கள் பகுதியில் பல இடங்களில் நீர்மட்டம் அதைவிடக் குறைந்த ஆழத்திலேயே இருக்கிறது. புதிய ஆழ்துளைக் கிணறுகளுக்கு ஊராட்சிகள் திட்டமிடும்போது, தெருவுக்கு ஓர் அடிபம்பையாவது மோட்டார் மாட்டாமல் விட்டுவைக்க வேண்டும் என்று கிராம சபையில் கேளுங்கள், நாங்களும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.