பரணில் தொங்கும் கயிறு: கதைக்காக ஓர் அடிமை மதம்

நீலகிரியில் கூடலூர்ப் பக்கத்து மலையில் நடக்கிற கதை எழுதுகிறீர்கள், அதில் அடிமைத்தனத்தை நியாயப்படுத்தும் கற்பனை மதம் ஒன்று வேண்டும் என்று வையுங்கள். பலரும் முதலில் சாமிக்குப் பெயர் தேடுகிறார்கள். நாலு கை, ரத்தப் பலி, கொடூரப் பூசாரி. வேண்டாம். முதலில் கடன் கணக்கை எழுதுங்கள்.

சுந்தரர் கதை தெரிந்ததுதான். கல்யாணப் பந்தலில் ஒரு கிழவர் ஓலையோடு வந்து, உன் பாட்டன் எழுதிக் கொடுத்தது, நீ எனக்கு அடிமை என்கிறார். சுந்தரர் கிழித்துப் போட்டாலும் மூல ஓலை திருவெண்ணெய்நல்லூரில் பத்திரமாக இருக்கிறது. ஓலைக்குச் சொந்தக்காரர் சிவன் என்பதால் அது பக்தி. அதையே சாமி பண்ணைக்காரரிடம் கொடுத்துவைத்தார் என்று மாற்றினால் போதும், உங்கள் மதம் தயார்.

நிஜத்தில் இதற்குப் பக்கத்திலேயே சாட்சி உண்டு. 1843ஆம் வருஷச் சட்டத்துக்குப் பிறகு பிரிட்டிஷ் இந்தியாவில் அடிமை உரிமை கோர்ட்டில் செல்லாது. ஆனாலும் வயநாட்டு வள்ளியூர்க்காவு திருவிழாவில் பணியர் என்ற பழங்குடி மக்களுக்கு ‘நில்புப் பணம்’ கொடுத்து, அம்மன் சாட்சியாக ஒரு வருஷத்துக்குக் கட்டிப்போட்டார்கள். விற்பனை என்று யாரும் சொல்லவில்லை, முன்பணம்தான். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வர 1976 ஆனது. (பணியர்களின் சொந்தச் சாமிகளை எடுத்து உங்கள் மதத்தில் ஒட்டாதீர்கள். கட்டிப்போட்டவர்கள் அவர்கள் இல்லை.)

கணக்கு இப்படி. ஒவ்வோர் அடிமைக்கும் ஒரு கயிறு, ஒரு முடிச்சு ஒரு வருஷ வேலை. பிறக்கும்போதே கயிற்றில் 12 முடிச்சு, உங்கள் மதத்தின் சாமியான மலைத்தாய் இடம் கொடுத்த கடன். பத்து வயதில் வேலை தொடங்கும், வருஷத்துக்கு ஒன்று அவிழும். கல்யாணத்துக்கு 6, பிள்ளைக்கு 2 வீதம் நாலு பிள்ளைக்கு 8, அப்பன் விட்டுப்போனது 10. மொத்தம் 36. நாற்பத்தைந்து வயதில் 35 அவிழ்ந்து ஒன்றே ஒன்று மிச்சம். அந்த வருஷம் அம்மா சாகிறாள், ஈமச்செலவு 5. விடுதலை கண்ணில் பட வேண்டும், கைக்கு வரக் கூடாது. கடனை 200 முடிச்சு என்று வைத்தால் எவனும் நம்ப மாட்டான், ராத்திரியே காட்டுக்குள் ஓடிவிடுவான்.

பாடியில், அதாவது அடிமைகளின் குடியிருப்பில், எல்லோரும் நம்புவதாக எழுதுவது இன்னொரு தப்பு. பாதிப் பேர் பண்ணை வீட்டு முற்றத்தில் மட்டும் நம்புவார்கள். உங்கள் மதம் எதைச் சொல்லக் கூடாது என்பதையும் முடிவு செய்யுங்கள். 1807இல் மேற்கிந்தியத் தீவு அடிமைகளுக்காக லண்டனில் அச்சிட்ட பைபிளில், எகிப்தில் அடிமையாக இருந்த ஜனங்களை மோசே மீட்டுக் கூட்டிப்போகும் பகுதியே கிடையாது.

கயிறு யாரிடம் இருக்கும்? அடிமையிடம் இருந்தால் அடுப்பில் போட்டுவிடுவான். ஆக, பண்ணை வீட்டுப் பரண். அதுவும் அடுப்புக்கு நேர் மேலே, இல்லாவிட்டால் ஆடி மழைக்குள் பூஞ்சை பிடித்து இற்றுவிடும். புகையில் கயிறு கறுக்கும், முடிச்சுக்குள் புகை போகாது. அதனால் புதிதாக அவிழ்த்த இடம் வெளுத்துத் தெரியும். கணக்கப்பிள்ளை திருட்டுத்தனமாக வேறு இடத்தில் மறுபடி முடிச்சுப் போடலாம், ஆனால் பழைய வெள்ளை உடனே கறுத்துவிடாது.

பரணில் ஒட்டடை அடிக்கிற பெண்ணுக்கு எண்ணத் தெரியும் என்று வையுங்கள். கதையை அங்கே ஆரம்பிக்கலாம்.