நம்ம செட்

பழைய மாணவர் மலர் கைக்கு வந்ததும் எல்லோரும் முதலில் புரட்டுவது குழுப்படங்கள் உள்ள பக்கத்தைத்தான். அடுத்த கேள்வி, "இவர் எந்த செட்?" நம்ம செட், நமக்கு மூத்த செட், கடைசி பெஞ்சு செட். தமிழில் இதற்கு விளக்கம் தேவையில்லை. ஆனால் ஆங்கிலமே தாய்மொழியான ஒருவரிடம் 'ஹி இஸ் இன் அவர் செட்' என்று சொன்னால் அவர் வேறொன்றை நினைப்பார். ஒரே ரசனையும் வசதியும் உள்ள, சேர்ந்தே சுற்றும் ஒரு வட்டம் என்பதே அவருக்கு அதன் பொருள். விமானத்தில் ஊர் ஊராகப் பறக்கும் பணக்காரர்களை 'ஜெட் செட்' என்பது அந்தப் பொருளில்தான். ஒரே ஆண்டில் படித்தவர்களை பிரிட்டனில் 'இயர்' என்பார்கள், அமெரிக்காவில் ஆண்டைச் சேர்த்து 'க்ளாஸ் ஆஃப்' என்பார்கள். மாணவர்களை 'பேட்ச்' என்பதும் பெரும்பாலும் நம் பக்கத்து ஆங்கிலமே.

வினைச்சொல் அட்டவணையில் மூன்று கட்டத்திலும் ஒரே வடிவில் நின்ற சொற்கள் நினைவிருக்கும்: கட், புட், ஹிட், ஷட், செட். மனப்பாடத்துக்கு எளிது என்று மகிழ்ந்த சொற்கள். அவற்றில் 'செட்'தான் ஆக்ஸ்ஃபர்ட் ஆங்கில அகராதியின் 1989-ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பில் மிக நீளமான பதிவு. 430-க்கு மேற்பட்ட பொருள்கள், ஏறத்தாழ 60,000 சொற்களில் விளக்கம். பிற்பாடு நடந்த திருத்தத்தில் 'ரன்' அதை முந்திவிட்டது. 2011-இல் வெளியான கணக்குப்படி வினையாக மட்டும் அதற்கு 645 பொருள். இருந்தாலும் தமிழருக்கு 'செட்'டே சுவையான சொல். நம் இலக்கண வகுப்பில் படித்த தன்வினை, பிறவினை இரண்டையும் வைத்தே அதைத் திறந்துவிடலாம்.

திருந்து, திருத்து. அமர், அமர்த்து. தானே செய்தால் ஒன்று, பிறரைச் செய்ய வைத்தால் மற்றொன்று. ஆங்கிலத்தில் அந்த வழக்கம் இன்று ஏறக்குறைய செத்துவிட்டது. சில சோடிகள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. 'லை' என்றால் கிட, 'லே' என்றால் கிடத்து. 'ஃபால்' என்றால் விழு, மரத்தை விழவைப்பது 'ஃபெல்'. அதே வரிசையில் 'ஸிட்' என்றால் உட்கார், 'செட்' என்றால் உட்கார வை. பழைய ஆங்கிலத்தில் சிட்டன், செட்டன் என்று இருந்தவை இவை. பரீட்சைக்கு இதைப் பொருத்திப் பாருங்கள்: மாணவர் பரீட்சைக்கு 'ஸிட்' செய்கிறார், ஆசிரியர் வினாத்தாளை 'செட்' செய்கிறார். 'ப்ளீஸ் செட் டவுன்' என்று விருந்தினரை வரவேற்பது ஏன் பிழை என்பதும் இதிலேயே தெரிந்துவிடும். அவர் உட்கார வேண்டியவர்; யாரையும் உட்கார வைக்க வந்தவரல்லர்.

தமிழில் 'செட்'டுக்கு மிக நெருங்கிய உறவு 'வை'. அலாரம் வை, பொறி வை, தீ வை, இலக்கு வை, கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வை. எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் 'செட்' பொருந்தும். 'வை' நமக்குத் துணைவினையாகவும் வேலை செய்கிறது. அங்கேயும் 'செட்' கொஞ்ச தூரம் கூடவே வரும். 'இட் செட் மீ திங்கிங்' என்றால் அது என்னை யோசிக்க வைத்தது. கவனம் வேண்டிய இடமும் இதுதான். செட்டுக்குப் பின் வரும் வினைக்கு 'இங்' ஒட்டு வேண்டும். அசையாமல் இருந்ததை ஓடவிட்ட சாயல் வேண்டும். அழவைத்தான், சாப்பிட வைத்தான் என்பதற்கெல்லாம் செட் போடக்கூடாது. அங்கே 'மேக்' வரும், அதன் பின் வினை வெறுமையாக நிற்கும்.

தீ வைப்பதில் இன்னொரு வழுக்கல் உண்டு. 'செட் ஃபயர் டு த ஹவுஸ்', 'செட் த ஹவுஸ் ஆன் ஃபயர்' இரண்டும் சரி. முதலாவது அப்படியே நம் வீட்டுக்குத் தீ வைத்தான்: வைத்த பொருள் தீ, இடம் வீடு. இரண்டாவதில் வீட்டைத் தூக்கித் தீயின் மேல் வைத்தாயிற்று. இரண்டையும் குழைத்து 'செட் ஃபயர் ஆன் த ஹவுஸ்' என்று எழுதுவதுதான் நாம் செய்யும் தவறு.

மூன்று காலத்துக்கும் ஒரே வடிவம் என்பதற்கும் ஒரு விலை உண்டு. 'ஷி செட் த அலாரம் அட் ஃபைவ்' என்பதில் எழுவாய் ஒருமை, வினைக்கு 'எஸ்' இல்லை, ஆகவே இறந்தகாலம். 'தே செட் த அலாரம்' என்றால் பக்கத்து வாக்கியத்தைப் பார்த்தே காலத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். இந்த வாக்கியத்தில் 'அட் ஃபைவ்' என்பதும் இடறும். அலாரத்தைத் திருகியது ஐந்து மணிக்கு என்பதே பொருள். ஐந்து மணிக்கு அடிக்கும்படி வைத்தாள் என்றால் 'ஃபார் ஃபைவ்'.

'வை' கைவிடும் இடமும் உண்டு. யாரும் வைக்காமல் தானாக அமர்வதற்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான். சூரியன் 'செட்' ஆகிறது. நாம் சாய்ந்தது, அடைந்தது என்போம். சிமென்ட் 'செட்' ஆகிறது. நாம் இறுகியது என்போம். சிமென்ட் காய்ந்துவிட்டது என்று சொல்வதுண்டு, ஆனால் நடப்பது காய்தல் அன்று. சிமென்டும் நீரும் வேதிவினையில் சேர்ந்து புதுப் படிகங்கள் உருவாகின்றன. அதனால்தான் தண்ணீருக்கு அடியிலும் கான்கிரீட் இறுகுகிறது, இறுகிய பிறகும் நாள்கணக்கில் நீர் ஊற்றுகிறார்கள். 'செட்டிங்' என்பது குழைவு போவது. சில மணி நேரத்தில் முடிந்துவிடும். 'ஹார்டனிங்' என்பது வலு ஏறுவது. வாரக்கணக்கில் நடக்கும், வலிமையைச் சோதிக்கும் வழக்கமான நாள் 28. அரைக்கும்போதே கொஞ்சம் ஜிப்சம் சேர்ப்பது இந்த செட்டிங்கைத் தாமதப்படுத்தத்தான். அது இல்லாவிட்டால் கலந்த சில நிமிடங்களில் கலவை இறுகிப் போகும். அதற்குப் பெயர் 'ஃப்ளாஷ் செட்'. இறுகத் தொடங்கிய கலவையில் மறுபடி தண்ணீர் விட்டு இளக்கிப் பூசினால் பூசுவதற்கு வசதியாக இருக்கும், வலு போய்விடும்.

தச்சுப் பட்டறையில் இன்னொரு செட். ரம்பத்தின் பற்கள் ஒன்று இடப்பக்கம், அடுத்தது வலப்பக்கம் என்று மாறி மாறி வெளியே சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வுக்கும் 'செட்' என்றே பெயர், அதைச் செய்யும் குறடு 'ஸா செட்'. சாய்வால் வெட்டும் தடம் தகட்டின் கனத்தைவிட அகலமாகிறது. ரம்பம் சிக்காமல் ஓடுகிறது. சாய்வு குறைந்தால் தகடு மரத்துக்குள் இறுகி நிற்கும், கூடினால் மரத்தூளும் உழைப்பும் வீண். பல்லின் மேல்பாதியை மட்டும்தான் வளைக்க வேண்டும். அடியோடு வளைத்தால் பல் ஒடியும்.

அச்சகத்து செட்டையும் விட முடியாது, இது மலர் என்பதால். ஈய எழுத்துக் காலத்தில் எழுத்தை அடுக்குவது 'டைப்செட்டிங்'. இடக்கையில் அடுக்குச் சட்டம். எழுத்துகள் தலைகீழாக, ஆனால் இடமிருந்து வலமாகவே அமரும். தமிழில் நாம் அதை அச்சுக் கோர்த்தல் என்றோம். ஆங்கிலேயர் எழுத்தை உட்கார வைத்தார்கள், நாம் மணியைப்போல் கோர்த்தோம்.

இனி பெயர்ச்சொல். தொகுதி என்ற பொருளில் வரும் 'செட்' வேறொரு குடும்பத்திலிருந்து வந்து சேர்ந்தது. லத்தீனில் 'செக்டா' என்றால் ஒருவரைப் பின்பற்றும் கூட்டம். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ஒலி ஒன்றாகிவிட்டதால், சேர்த்து வைக்கப்பட்டவை என்று பிற்காலத்தார் வினையோடு முடிச்சுப் போட்டுவிட்டார்கள். ஆக இந்தப் பெயர் முதலில் குறித்தது மனிதர்களைத்தான். நம்ம செட் என்பது அவ்வளவு தூரம் தள்ளிப் போய்விடவில்லை.

கணித வகுப்பில் இதையே சிலர் கணம் என்று படித்தோம், சிலர் தொடை என்று. வழக்கு ஊருக்கு ஊர் வேறு, விதி ஒன்றே: வரிசை பொருட்டல்ல, ஒரே உறுப்பை இரண்டு முறை எழுதினாலும் ஒன்றுதான். 2, 2, 3 என்று எழுதிய கணத்தில் உறுப்புகள் இரண்டே. சதுரங்க செட்டில் 32 காய்கள். வெள்ளைச் சிப்பாய் எட்டும் ஒன்றுபோலவே இருக்கும். அவற்றை ஒன்றாக எண்ணினால் ஆட்டம் நடக்காது. அன்றாடச் சொல்லைக் கணிதம் கடன் வாங்கும்போது பொருளை இப்படி இறுக்கிவிடுகிறது.

ஜியோமெட்ரி பெட்டிக்குள் இருந்த முக்கோணங்கள் 'செட் ஸ்கொயர்', நம் மூலைமட்டம். ஒன்று 45, 45, 90 பாகை. மற்றது 30, 60, 90. இரண்டையும் சேர்த்து வைத்தால் 75, கழித்து வைத்தால் 15. மூலை தேய்ந்துவிட்டதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. ஒரு கோட்டின் மேல் வைத்துச் செங்குத்து வரையுங்கள். மட்டத்தை மறுபுறம் திருப்பி அதே புள்ளியில் மீண்டும் வரையுங்கள். இரு கோடுகளும் பிரிந்தால், பிரிந்த கோணத்தில் பாதிதான் மட்டத்தின் பிழை.

மைதானத்தில் ஓட்டம் தொடங்கும்போது ஒலித்ததும் இதே சொல். 'ஆன் யுவர் மார்க்ஸ்' என்றதும் கையும் ஒரு முழங்காலும் தரையில். 'செட்' என்றதும் இடுப்பை உயர்த்தி அசையாமல் நிற்க வேண்டும். அதன் பிறகே வெடி. இங்கே செட் என்பது ஆயத்தமாகி உறைந்த நிலை. 400 மீட்டர் வரையிலான ஓட்டங்களுக்குத்தான் இந்த இரண்டாம் கட்டளை. அதற்கு மேல் நின்றபடியே தொடங்குவதால் 'செட்' என்ற குரலே இல்லை. வாலிபாலில் ஒரே சொல்லுக்கு இரண்டு வேலை: அடிப்பவருக்கு வாகாகப் பந்தை எழுப்பித் தரும் இரண்டாவது தொடுகையும் செட், 25 புள்ளிக்கு ஆடும் ஆட்டப் பகுதியும் செட்.

பின்னொட்டோடு வரும்போதுதான் ஆள் மாறிவிடுகிறது. 'செட் அவுட்', 'செட் அபௌட்' இரண்டும் தொடங்குவதே. முதலாவதன் பின் 'டு' சேர்ந்த வினை, இரண்டாவதன் பின் 'இங்'. 'செட் அபௌட் டு' என்பது கிடையாது. 'செட் ஆஃப்' புறப்படுவது, வெடியைக் கொளுத்துவது, கணக்கில் தரவேண்டியதை வரவேண்டியதோடு கழித்துக்கொள்வது. 'செட் இன்' பெரும்பாலும் வேண்டாதவற்றுக்கே வரும்: விடாமழை, புண்ணில் சீழ், மனத்தில் சலிப்பு. வந்து உட்கார்ந்துகொண்டது என்று நாம் எரிச்சலோடு சொல்லும் அதே தொனி.

மொழிபெயர்ப்பவர்கள் அஞ்ச வேண்டியது 'செட் அசைட்'. பணத்தை அப்படிச் செய்தால் ஒதுக்கி வைப்பது. நீதிமன்றம் ஓர் ஆணையை அப்படிச் செய்தால் ரத்து செய்வது. அதை 'ஒத்திவைத்தது' என்று எழுதினால் செத்துப்போன ஆணைக்கு உயிர் கொடுத்ததாகும்.

தமிழுக்குள் வந்தபின் இந்தச் சொல் தன் போக்கில் வளர்ந்திருக்கிறது. 'எனக்கு அது செட் ஆகலை' என்பதில் வரும் பொருத்தம் ஆங்கிலத்தில் இல்லை. உடைக்கும் வேலைக்கும் 'சூட்' என்றும், ஆளுக்கு 'கெட் அலாங்' என்றும் போக வேண்டும். 'எல்லாம் செட்டப்' என்று நாம் சந்தேகப்படுவது மட்டும் அப்படியே ஆங்கிலத்திலும் செல்லும். சிக்கவைக்க விரித்த வலை என்று அவர்களும் சொல்வார்கள். பெயராக வந்தால் சேர்த்து எழுத வேண்டும், வினையாக வந்தால் பிரித்து.

வெளிநாடு போன யாரைப் பற்றிக் கேட்டாலும் வரும் பதில், "அங்கேயே செட்டில் ஆகிட்டார்." அதுவும் இந்தக் குடும்பமே. பழைய ஆங்கிலத்தில் 'செட்டில்' என்றால் இருக்கை, நாற்காலி. நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார் என்பதுதான் நேர்ப்பொருள்.