நாலு நிறத்தில் ஒரு மயில்

செப்டம்பர் 7, 2025, ஞாயிறு

தீபாவளி அக்டோபர் 20. பினாங்குப் பேரங்காடி ஒன்றிலிருந்து இன்று அழைப்பு வந்தது. கீழ்த்தளத்தின் நடுவே ஆறு மீட்டர் அகலத்தில் அரிசிக் கோலம் போட வேண்டும். நிர்வாகி ஒரு சீனப் பெண்மணி, மலாயில் பேசினார். புதிதாக இருக்க வேண்டுமாம், ஆனால் மயில் கட்டாயமாம். செலவைக் குறைத்துவிட்டார்கள், அதனால் நாலு நிறம்தான்.

"நாலு நிறத்துல மயிலா? காக்கா போட்டுடலாம்" என்றார் அண்ணி.

எனக்கு அவ்வளவு வருத்தமில்லை. "உங்கள் இஷ்டம், எதையாவது போடுங்கள்" என்று சொல்லும் வாடிக்கையாளரிடம்தான் பயம். அப்போது கை தானாகப் பழகிய தாமரைக்கே போய்விடும். புள்ளிக் கோலத்தையே பாருங்களேன். சிக்குக் கோலத்தில் கோடு புள்ளியைத் தொடக்கூடாது, சுற்றி வந்து தொடங்கிய இடத்தில் சேர வேண்டும். அந்தக் கறாரான விதிக்குள்தான் நம் பாட்டிமார் தினம் ஒன்று கண்டுபிடித்தார்கள்.

செப்டம்பர் 10, புதன்

குழுவோடு உட்கார்ந்தோம். பெரியக்கா முதலில் "ரெட்டை மயில்" என்றார். அவ்வளவுதான், மற்ற எல்லாரும் ரெட்டை மயிலுக்குக் கொண்டை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

கூடி உட்கார்ந்து மனதில் பட்டதையெல்லாம் சொல்லும் முறையைப் பரப்பியவர் அலெக்ஸ் ஆஸ்போர்ன் என்ற அமெரிக்க விளம்பரக்காரர். 1958-இல் யேல் பல்கலைக்கழகத்தில் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். நாலு பேர் கூடி யோசித்ததைவிட, நாலு பேர் தனித்தனியே யோசித்ததைச் சேர்த்தால் ஏறக்குறைய இரு மடங்கு யோசனைகள் கிடைத்தன. முக்கியமான காரணத்தை 1987-இல் டீல், ஸ்ட்ரோபா என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் காட்டினார்கள்: ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டியிருக்கிறது, அந்த நேரத்தில் யோசனை நின்றுபோகிறது.

ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, பேசாமல் எழுதச் சொன்னேன். வழக்கமாக வாயே திறக்காத சின்னவள், அரிசிக்குச் சாயம் கலக்க மட்டும் வருபவள், படமே வரையவில்லை. "அக்கா, மேல் மாடியிலேருந்துதானே எல்லாரும் பாக்குறாங்க?" என்று ஒரு வரி.

உண்மைதான். கோலத்தின் பக்கத்தில் நிற்பவர்கள் கொஞ்சம். மின்படியிலும் மாடிக் கைப்பிடியிலும் சாய்ந்துதான் கைப்பேசியில் படம் பிடிக்கிறார்கள். நாங்களோ இத்தனை வருடமாகக் குனிந்து பார்ப்பவருக்கு வரைந்துகொண்டிருந்தோம்.

செப்டம்பர் 16, செவ்வாய்

மலேசியா தினம், விடுமுறை. காலையில் தண்ணீர்மலைப் பக்கம் போய்த் தாவரவியல் பூங்காவைச் சுற்றினேன். 1884-இல் பழைய கல் குவாரி இருந்த இடத்தில் உண்டாக்கியது. இப்போது குரங்குகள் ஆள்கின்றன, ரொட்டிப் பையைப் பத்திரமாகப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

நடந்தால் யோசனை வரும் என்பது வெறும் பேச்சில்லை. ஸ்டான்ஃபோர்டில் ஓப்பெஸோ, ஷ்வார்ட்ஸ் இருவரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பொருளை வேறு எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று கேட்டபோது, 81 விழுக்காட்டினர் நடக்கும்போது கூடுதலாகச் சாதித்தார்கள். வெறும் சுவரைப் பார்த்தபடி ஓடுபொறியில் நடந்தவர்களுக்கும் பலன் இருந்தது. ஆனால் ஒரே சரியான விடையைத் தேடும் புதிரில் 23 விழுக்காட்டினருக்குத்தான் கூடியது. அதனால் கணக்கு வழக்கு பார்க்க நடக்கப் போகாதீர்கள்.

இன்று எனக்கு வந்தது ஐந்தாவது நிறம்: தரை. அங்கே தரை கறுப்புப் பளிங்கு. மயிலின் உடம்பில் அரிசியே போடாமல் வெறுமையாக விட்டால்? தோகைக்கு மட்டும் நாலு நிறம்.

ஏதோ பூங்காவில் வானத்திலிருந்து விழுந்தது என்று சொல்ல மாட்டேன். புது யோசனை பிறக்கும் விதத்துக்குக் கிரகாம் வாலஸ் என்ற ஆங்கில அறிஞர் 1926-லேயே நாலு கட்டம் சொன்னார்: திரட்டுவது, ஊறப்போடுவது, பளிச்சென்று தோன்றுவது, சரிபார்ப்பது. முதல் கட்டத்தைத் தாண்டிக் குதித்துவிட்டு நடக்கப் போனால் கால்தான் வலிக்கும்.

செப்டம்பர் 20, சனி

ஒரு தமிழ்ப்பள்ளியில் கோலப் போட்டிக்கு நடுவராகக் கூப்பிட்டார்கள். பிள்ளைகள் பக்கத்துத் தாளை எட்டிப் பார்த்தே வரைந்தார்கள், போன ஆண்டு முதல் பரிசு வாங்கிய விளக்கே எங்கும்.

தெரெசா அமாபிலி என்ற அமெரிக்க உளவியலாளர் 1982-இல் வெளியிட்ட ஆய்வு நினைவுக்கு வந்தது. ஏழு முதல் பதினொரு வயதுச் சிறுமிகள் வண்ணத் தாள்களை ஒட்டிப் படம் செய்தார்கள். ஒரு கூட்டத்துக்குப் போட்டிப் பரிசு, இன்னொன்றுக்கு அதே பரிசுகள் குலுக்கலில். போட்டியிட்டவர்களின் படங்களில் புதுமை குறைவு. தலைமையாசிரியையிடம் அடுத்த முறை குலுக்கல் வைக்கலாமே என்றேன். "பெற்றோர் சும்மா விடுவாங்களாம்மா?" என்று சிரித்தார். நியாயமான கவலைதான். ஆனாலும் ஒரு வகுப்பில் மட்டும் செய்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

செப்டம்பர் 28, ஞாயிறு

வீட்டில் கறுப்புத் துணி விரித்து, சாயம் ஏற்றிய அரிசியைக் கொட்டிச் சின்ன அளவில் சோதனை. மாடிப்படியில் நின்று பார்த்தால் கழுத்து காணாமல் போயிருந்தது. இடைவெளியை ஒரு சாண் அகலமாக்கினோம், மயில் நிமிர்ந்தது. மஞ்சள் விளிம்பு தேவையில்லை என்றாள் சின்னவள். அண்ணி வேண்டும் என்றார். கடைசியில் விளிம்பை எடுத்துவிட்டோம்.

புலனத்தில் (வாட்ஸ்அப்) படம் அனுப்பினேன். நிர்வாகிக்குப் பிடித்திருக்கிறது. அந்தக் காலி இடத்தில் பேரங்காடியின் சின்னத்தை வைக்க முடியுமா என்று கேட்கிறார். நாளை நேரில் போய், அவரை இரண்டாம் மாடியில் நிறுத்தி வைத்துப் பேச வேண்டும்.