பணம் சேர்ந்துவிட்டது, பெயர்தான் இடித்தது

சொந்தமாகப் பாட்டெழுதி, சொந்தச் செலவிலேயே பதிவுசெய்து வெளியிடும் கலைஞர் ஒருவருக்காக நண்பர்கள் சேர்ந்து நிதி திரட்டினோம். கிட்டார் வாசிக்கும் வலக்கை மணிக்கட்டு முறிந்து, ஒத்துக்கொண்ட நிகழ்ச்சிகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போனதில் வீட்டு வாடகைக்கே தடுமாறிக்கொண்டிருந்தார். பணம் சேர்ந்த கதையில் சொல்ல ஒன்றுமில்லை. இணையத்தில் நிதி திரட்டும் தளம் ஒன்றில் பக்கம் திறந்தோம், ரசிகர்கள் அள்ளிக் கொடுத்தார்கள், இலக்கைத் தாண்டியது. அது அவர் கைக்குப் போய்ச் சேர்ந்த கதைதான் நீளம். எரிச்சல் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

பக்கத்தில் இருந்தது மேடைப் பெயர். வங்கிக் கணக்கில் இருந்தது பெற்றோர் வைத்த பெயர். ரசிகர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இரண்டாவது பெயர் தெரியாது. நிதி திரட்டும் தளத்துக்கோ முதல் பெயர் யாருடையது என்று தெரியாது. "பயனாளியின் பெயர் பொருந்தவில்லை" என்று ஒற்றை வரியில் அஞ்சல் அனுப்பிவிட்டு மொத்தத் தொகையையும் நிறுத்திவைத்தார்கள். பக்கம் திறக்கும்போது இதைப் பற்றி ஒரு கேள்வி கிடையாது. பணத்தை வாங்கிப் போட்டுக்கொள்ளும்வரை பொருந்திய பெயர், எடுக்கப்போனதும் பொருந்தாமல் போயிற்று.

அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி ஒரு செல்ஃபி வேண்டும் என்றார்கள். வலக்கையில் கட்டுப் போட்டிருக்கிறது. இடக்கையில் அட்டையைப் பிடித்தால் படம் எடுப்பது யார்? அவர் மனைவி எடுத்துக் கொடுத்தார். படத்தின் ஓரத்தில் மனைவியின் விரல் நுனி விழுந்திருந்தது. "படத்தில் வேறொருவர் இருக்கிறார்" என்று திருப்பி அனுப்பினார்கள். அடுத்த படத்தில் கட்டின் நிழல் விழுந்து அட்டை எண் தெரியவில்லை. கடைசியில் புத்தக அடுக்கில் தொலைபேசியைச் சாய்த்து, டைமர் வைத்து எடுத்த படம்தான் தேறியது.

அடுத்து மருத்துவரின் கடிதம். கொடுத்தோம். அதில் தேதி இல்லையாம். ஒரு தேதிக்காக மறுபடியும் மருத்துவமனை வரிசையில் நின்றார், கையைக் கழுத்திலிருந்து துணியில் தொங்கவிட்டுக்கொண்டு. கடிதம் வாங்கும்போதே தேதி, முத்திரை, மருத்துவரின் பதிவு எண், அடையாள அட்டையில் உள்ளபடி முழுப்பெயர் ஆகிய நான்கும் இருக்கின்றனவா என்று அங்கேயே நின்று பாருங்கள்.

முடிச்சை அவிழ்த்தது யாரும் கேட்காத ஒரு தாள். பாடல்களை ஸ்ட்ரீமிங் தளங்களுக்கு, அதாவது இணையத்தில் பாட்டுக் கேட்கும் தளங்களுக்கு, அனுப்பும் விநியோக நிறுவனம் தரும் ராயல்டி (உரிமைத்தொகை) கணக்கு அறிக்கையில் கலைஞர் பெயர், பணம் பெறுபவர் பெயர் என்று இரண்டு பெயரும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. அதை இணைத்து அனுப்பிய பிறகுதான், தானியங்கிப் பதில்களுக்கு நடுவிலிருந்து ஒரு மனிதர் எழுந்து வந்து, "சரி, விடுவிக்கிறோம்" என்றார். பக்கம் திறப்பதற்கு முன்பே அந்த அறிக்கையைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இடையில் பலர் சொன்ன யோசனை, "உன் கணக்கில் வாங்கி அவருக்குக் கொடுத்துவிடேன்" என்பது. செய்யவே செய்யாதீர்கள். நாளைக்கு வரித்துறை கேட்டால் அது உங்கள் வருமானம் இல்லை என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். பயனாளியாக அவரையே முதல் நாளிலிருந்து சேர்த்துவிடுவது நல்லது. பக்கத்தின் முதல் பத்தியிலேயே அவர் யார், நீங்கள் அவருக்கு யார், பணம் எப்படிப் போய்ச் சேரும் என்று எழுதிவிடுங்கள். அவருடைய அதிகாரபூர்வப் பக்கத்திலிருந்தும் இணைப்புக் கொடுக்கச் சொல்லுங்கள். எங்கள் படங்களைத் திருடி யாரோ போலிப் பக்கம் ஒன்றைத் திறந்தபோது, அந்த இணைப்பு ஒன்றுதான் அசல் எது என்று காட்டியது.

இத்தனைக்கும் நடுவே சில ரசிகர்கள் ஓர் உதவி செய்தார்கள். அவர் பாடல் ஒன்றை ஒலியை அணைத்துவிட்டு இரவெல்லாம் லூப்பில் ஓடவிட்டார்கள். ஸ்பாட்டிஃபையில் ஒரு பாடல் முந்தைய 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்பட்டிருந்தால்தான் ராயல்டி என்ற விதி 2024 முதல் இருக்கிறது. அதைத் தாண்டவைக்க வேண்டும் என்ற நல்லெண்ணம். ஆனால் செயற்கையாகக் கூட்டிய எண்ணிக்கையைத் தளங்கள் கண்டுபிடித்துக் கழித்துவிடும். பழி பாடலின் மேல்தான் விழும். விநியோக நிறுவனம் பாடலையே எல்லா இடத்திலிருந்தும் தூக்கிவிட்டது. எங்கள் முறையீட்டுக்கு "முடிவு இறுதியானது" என்று பதில். பாட்டுக்குச் சொந்தக்காரர் அந்த நேரத்தில் வலிமாத்திரை போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்!

வேறு நிறுவனம் மூலம் மறுபடியும் ஏற்றினோம். அப்போது பழைய ஐஎஸ்ஆர்சி எண்ணையே கொடுத்தோம். ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் உரிய, எழுத்தும் எண்ணும் கலந்து 12 இடங்கள் கொண்ட அடையாளம் அது. ஒலிக்கோப்பு, தலைப்பு, எண் மூன்றும் மாறாமல் இருந்ததால் பழைய எண்ணிக்கை திரும்ப ஒட்டிக்கொண்டது. புது எண் வாங்கியிருந்தால் பல வருடக் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கியிருக்கும்.

லூப் போடும் அந்த உற்சாகத்தைப் பாட்டை விலைக்கு வாங்குவதில் காட்டச் சொல்லுங்கள். கலைஞர்கள் ரசிகர்களுக்கு நேரடியாகப் பாட்டு விற்கும் பேண்ட்கேம்ப் தளம் சாதாரண நாட்களில் டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம் எடுத்துக்கொள்ளும். 2020 மார்ச்சில் தொடங்கிய 'பேண்ட்கேம்ப் ஃபிரைடே' நாட்களில் தன் பங்கை விட்டுக்கொடுக்கிறது. பணப்பரிமாற்றக் கட்டணம் மட்டும்தான் பிடித்தம். எல்லா வெள்ளியும் அப்படி இல்லை, அறிவித்த தேதிகளில்தான். நேரமும் அமெரிக்காவின் பசிபிக் நேரம். எங்களில் சிலர் அவசரப்பட்டு முந்தைய இரவே வாங்கி, விட்டுக்கொடுத்திருக்க வேண்டிய பங்கைத் தளத்துக்கே கொடுத்தார்கள். ஆனாலும் அந்த ஒரு நாளில் வந்த தொகைக்கு யாரும் செல்ஃபி கேட்கவில்லை.

இனி மிச்சமிருப்பது பாடலாசிரியர், இசையமைப்பாளர் என்ற முறையில் அவரைக் காப்புரிமைச் சங்கத்தில் பதிவுசெய்வது. விநியோக நிறுவனம் தருவது ஒலிப்பதிவுக்கான பணம் மட்டுமே. வானொலியிலும் மேடையிலும் பாட்டு ஒலிப்பதற்கான தொகை வேறு வழியில் வருகிறது, இத்தனை வருடமும் அதை அவர் கேட்டதே இல்லை. பழைய நிலுவையைக் கேட்கப் பல சங்கங்களில் காலக்கெடு உண்டு என்பதால் இந்த வாரமே விண்ணப்பம் போகிறது. மேடைப் பெயர், பிறப்புப் பெயர் இரண்டையும் எழுத அதில் தனித்தனிக் கட்டங்கள் இருக்கின்றன. பார்த்ததும் எனக்குக் கைதட்டத் தோன்றியது.